மாற்றாமல் விட்ட நான்கு பியூஸ்கள்

மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். படிக்கவென்று இங்கிலாந்துக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. வரும்போது தன் கணினிப் பெட்டியையும் காவிக்கொண்டு வந்துவிட்டாள். இன்று காலை அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, நம் வீட்டுச் சுவரில் செருகுவதற்கு அடாப்டர் தேடி அறை அறையாகத் திரிந்தாள். அதன் கறுப்பு வயரும், நுனியில் மூன்று தடித்த பித்தளைக் கால்கள் கொண்ட சதுர பிளக்கும் என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தன. நான் எதையும் யோசிக்கவில்லை. வெண்ணெய்க் கத்தியின் நுனியை விட்டு, கால்களுக்கு நடுவே இருந்த சின்ன மூடியைக் கிளப்பினேன். உள்ளே மண்ணிறப் பியூஸ். பதின்மூன்று என்று எழுதியிருந்தது.

"இதை ஆர் போட்டது?" என்று கேட்டேன்.

அவள் வழக்கம்போல டெனிஷில் பதில் சொன்னாள். முதலில் இருந்தது மாரியில் ஒருநாள் போய்விட்டதாம். கூட இருக்கும் பிள்ளை தன் தண்ணீர்க் கேத்தல் பிளக்கிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாளாம். போட்டவுடன் கணினி வேலை செய்ததாம். வேலை செய்கிறதுதானே, பிறகென்ன என்றாள்.

"வேலை செய்யும். அதுதான் அதிலை உள்ள பிழை."

சொன்னது என் வாய்தான். ஆனால் அது உம்முடைய வசனம். அதே நிதானம், "அதுதான்" என்ற இடத்தில் அதே ஒரு சின்ன நிறுத்தம். நான் எழுந்து போய்க் கைப்பையை எடுத்துவந்தேன். பையின் உள்ளறையில், சாவிக்கும் செபமாலைக்கும் கீழே, ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை பல வருடங்களாகக் கிடக்கிறது. பையை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துவிடுவேன். அதற்குள் கறுப்புப் பியூஸ்கள் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஐந்து ஆம்பியர்.

நீர் கண்ணை மூடி எத்தனை மாரி கழிந்தது என்று நான் எண்ணுவதில்லை. எண்ணுகிற வேலை எப்போதும் உம்முடையதுதான்.

*

டென்மார்க்கில், எங்கள் கிரின்ஸ்டெட்டில் கார் இல்லாதவர் கால் இல்லாதவர். உமக்குக் கார் ஓட வராது, பழகவும் மாட்டேன் என்று விட்டீர். எனக்கோ எதையும் ஆறுதலாகச் செய்ய வராது. ஆகவே பதினொரு வருடம் காலை வேலைக்கு நான்தான் உம்மை ஏற்றிப் போனேன். நீர் வாசலில் நிற்பீர், பையை முன்னால் பிடித்தபடி, ஒரு நாளும் பிந்தாமல். நான் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. ஏறி இருந்து பெல்ட்டைப் போட்டு, அது பூட்டுப்பட்டதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்து, "சரி, இனி ஓடும். வேகமா ஓடாதேயும்" என்பீர். ஒவ்வொரு நாளும் அதே வசனம்தான். நான் ஒவ்வொரு நாளும் வேகமாகத்தான் ஓடினேன்.

நீர் மன்னார்க் கத்தோலிக்கம், நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கம். ஒரே வயதுச் சிநேகிதிகள். தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் பொதி கட்டினோம். அதற்கு முன் நீர் ஏழு வருடம் வேறொரு இடத்தில் வேலை செய்திருந்தீர். கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை செய்கிற சின்னப் பட்டறை அது. செய்து முடிந்த ஒவ்வொன்றையும் மின்சாரத்தில் போட்டுப் பரிசோதிப்பது உம்முடைய வேலை. பிறகு அந்த வேலை முழுவதும் வேறு நாட்டுக்குப் போய்விட, நீர் எங்களோடு பொதி கட்ட வந்தீர். அதைப் பற்றி நீர் ஒரு சொல் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் கடையில் ஏதாவது மின்சாமான் வாங்கப் போனால், பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்தையெல்லாம் வாசித்து முடிக்காமல் நகர மாட்டீர். நான் காசு கட்டும் இடத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

போர் முடிந்த அந்த வைகாசியில் நீர் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. உம்முடைய தங்கையும் தங்கையின் கணவரும், அவர்களுடைய மகள், உம்முடைய பெறாமகளும் வன்னிக்குள் இருந்தார்கள். மாசிக்குப் பிறகு தொலைபேசி இல்லை. நம்முடைய ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வீதியில் நின்றார்கள், தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள், அழுதார்கள். நீர் வந்து பொதி கட்டினீர். இடைவேளையில் கன்ரீனில் என் எதிரே இருந்து, கறுப்புப் பாணை நான்கு துண்டாக வெட்டி, ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மூன்றைத் திரும்ப மடித்து வைப்பீர். உம்மைப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "நீர் கல்லோ?" என்று ஒருநாள் காரில் கேட்டும்விட்டேன். நீர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர். மஞ்சள் பூத்த கடுகு வயல்கள் போய்க்கொண்டிருந்தன.

"நான் அழத் தொடங்கினா ஆரப்பா நிப்பாட்டுறது?" என்றீர்.

அதற்குப் பிறகு நான் அப்படிக் கேட்டதில்லை.

ஆனி நடுப்பகுதியில் முகாமிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பெறாமகள் தனியே வெளியே வந்திருந்தாள். பதினைந்து வயது. தாயும் தகப்பனும் நெரிசலில் பிரிந்துபோனார்களாம், எங்கே என்று தெரியாதாம். "பெரியம்மா" என்ற ஒரு சொல்லைத்தான் அவள் சொன்னாள் என்றீர். மிச்ச நேரம் முழுவதும் மூச்சுச் சத்தம்தான் கேட்டதாம். ஆவணியில் மன்னாரில் இருந்த கன்னியாஸ்திரிகள் அவளைப் பொறுப்பெடுத்துத் தங்கள் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். அவளைப்போல அங்கே அறுபது பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள் இல்லை, ஏதாவது படிக்கக் கொடுக்க வேண்டும், பழைய கணினி ஏதும் கிடைக்குமா என்று சிஸ்டர் உமக்கு எழுதினார்.

*

கணினிகள் கிடைத்தன. பிரெடெரிசியாவில் ஓர் அலுவலகம் தன் பழைய பெட்டிகளை மாற்றியது. அங்கே துப்புரவு வேலை செய்த நம்முடைய அண்ணை ஒருவர் கேட்டு, இருபத்தினான்கை வாங்கித் தந்தார். அவரே ஒரு டெனிஷ் தொண்டு அமைப்பின் கொள்கலனில் ஒரு மூலையும் பிடித்துத் தந்தார். புரட்டாசி முடிவில் ஒரு வியாழக்கிழமை காலை அது புறப்படும், அதற்கு முதல் எல்லாம் பெட்டி கட்டி வந்துவிட வேண்டும் என்பது அவர் சொன்ன நிபந்தனை.

எங்கள் வீட்டுக் காராஜில் வேலை தொடங்கியது. டெனிஷ் பிளக் அங்கே செருகுப்படாது. விடுதியின் புது மண்டபத்தில் சதுர ஓட்டைகள்தான் என்று சிஸ்டர் எழுதியிருந்தார். ஆகவே ஒவ்வொரு வயரிலும் டெனிஷ் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, லண்டனிலிருந்து என் அண்ணா அனுப்பிய சதுர பிளக்கைப் பூட்ட வேண்டும். கணவர் வெட்டினார், நான் பூட்டினேன், நீர் நான் பூட்டியதைத் திரும்பக் கழற்றிப் பார்த்தீர்.

முதல் நாளே வந்தது சண்டை. ஒரு பிளக்கைத் திறந்து, அதற்குள் இருந்த மண்ணிறப் பியூஸை நகத்தால் கிளப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தீர்.

"இது பதின்மூண்டு. இது சரிவராது" என்றீர்.

"அது பிளக்கோடை வந்தது. அப்பிடியே இருக்கட்டும். பதின்மூண்டு நல்ல பெலமா இருக்கும்தானே."

இங்கே டெனிஷ் பிளக்குக்குள் பியூஸே கிடையாது, யார் செத்தார்கள் என்றும் கேட்டேன். அதற்கு நீர் காராஜ் சுவரில் இருந்த மின்பெட்டியைக் காட்டினீர். இங்கே காவல் அதற்குள் இருக்கிறது, அங்கே எப்படி வயர் இழுத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றீர். பிறகு ஒரு கணினியைத் திருப்பி, பவர் சப்ளையில் ஒட்டியிருந்த தகட்டுக்குக் கிட்டக் குனிந்தீர். எனக்குத் தெரிந்துவிட்டது, இனி ஒரு மணித்தியாலம் போச்சு.

"இருநூற்றைம்பது வாட்ஸ் எண்டு கிடக்கு. அது வெளியாலை குடுக்கிறது. உள்ளுக்கு இழுக்கிறது இன்னும் கூட. ஒரு முந்நூற்றைம்பது எண்டு வைப்பம். இருநூற்றிமுப்பதாலை பிரிச்சுப் பாரும்."

நான் பிரிக்கவில்லை. நீரே பிரித்தீர். "ஒண்டரை ஆம்பியர்."

"அப்ப மூண்டு போட்டாக் காணும். சிவப்புப் பியூஸ். அண்ணாட்டைச் சொல்லுறன்."

"ஓடேக்குள்ளை மூண்டு காணும். சுவிச்சைப் போடுற அந்தக் கணத்திலை காணாது. உள்ளுக்குப் பெரிய கப்பாசிட்டர்கள் இருக்கு. வெறுவயித்திலை இருந்துட்டு ஒரே இழுவையா இழுக்கும். இருபத்தினாலிலை ரெண்டு மூண்டு முதல் நாளே போயிடும்."

"போனாப் போகட்டுமே. அதுக்குத்தானே பியூஸ்?"

அப்போதுதான் திருகாணிச் சாவியைக் கீழே வைத்தீர்.

"போனா அவை என்ன செய்வினம் எண்டு உமக்குத் தெரியாதோ? நீரும் நானும் என்ன செய்தனாங்கள்?"

தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். கடையில் ஒன்றும் இல்லாத காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். பியூஸ் போனால் வயரிலிருந்து ஒரு செப்பு இழையை உரித்துச் சுற்றிவிடுவோம். இழை இல்லாவிட்டால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள். வெளிச்சம் வந்துவிடும். எங்கள் வீட்டில் அப்பா அதைப் பெரிய கெட்டித்தனமாக எல்லோருக்கும் சொல்வார். இன்றைக்கும் நம்முடைய ஆட்களில் பாதிப் பேர், அறுந்துபோகாத பியூஸ்தான் நல்ல பியூஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நீர் அன்றுதான் அந்தக் கதையைச் சொன்னீர். இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த காலம். ஜெனரேட்டரில் நாலு லைட். பியூஸ் அடிக்கடி போகிறது என்று செப்புக் கம்பியை மும்மடங்காக முறுக்கிப் போட்டது நீர்தான். எல்லாரும் உம்மைக் கெட்டிக்காரி என்றார்கள். மூன்றாம் நாள் வயர் சுவரோடு சூடாகிக் கூரைக் கிடுகில் தீப்பிடித்தது. ஆட்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இருந்த சாமான் எல்லாம் போனது.

"ஒருத்தரும் சாகேல்லை. ஆனா அம்மா அதுக்குப் பிறகு லைட் போட விடேல்லை. செத்துப் போகுமட்டும் இருட்டுக்குள்ளைதான் இருந்தவ. பியூஸ் கணினியைக் காப்பாத்துறதுக்கு இல்லையப்பா. அது வயரைக் காப்பாத்துறதுக்கு. இந்த வயர் மெல்லிசு. பதின்மூண்டு போட்டா, உள்ளுக்கு ஏதும் பிழைச்சா வயர் எரிஞ்ச பிறகுதான் பியூஸ் அறும். மூண்டு போட்டா அது அடிக்கடி போய், கடைசியிலை கம்பி சுத்துவினம். ஐஞ்சு போட்டாப் போறதும் இல்லை, எரியிறதும் இல்லை. அங்கை அறுபது பிள்ளையள். அதிலை ஒண்டு என்ரை."

அவ்வளவு நீளமாக நீர் கதைத்ததை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஐந்து ஆம்பியர் பியூஸ் இருபத்தினான்கு அனுப்பச் சொல்லி அண்ணாவுக்குச் சொன்னேன். அதற்குள் காலம் நெருங்கிவிட்டது. பிரெடெரிசியா அண்ணை தொலைபேசியில் சத்தம் போட்டார். "சனம் செத்துக் கிடக்கு, நீங்கள் அங்கை இருந்து பியூஸ் பாக்கிறீங்களோ?" என்றார். நீர் தொலைபேசியை என்னிடம் நீட்டினீர். நானும் மனதுக்குள் அவர் பக்கம்தான் நின்றேன். இதை நீர் அறிவீர் என்று நினைக்கிறேன்.

*

பார்சல் புதன்கிழமை வந்தது. மறுநாள் காலை கொள்கலன் புறப்படும். அன்று உமக்கு வேலை, எனக்கு லீவு. கழற்றுகிற மண்ணிறப் பியூஸ்களை எறியாமல் பிஸ்கட் தகரத்தில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தீர், வேறு எதற்காவது உதவும் என்று. நான் காராஜில் தனியே இருந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். மண்ணிறத்தை எடுத்துத் தகரத்தில் போட்டு, கறுப்பை வைத்து, மூடித் திருகிப் பெட்டியில் வைத்து ஒட்டினேன். இருபதோடு கறுப்பு முடிந்துவிட்டது. அண்ணா அனுப்பியது பத்துப் பத்தாக இரண்டு பெட்டிதான். மூன்றாவது பெட்டி வாங்கியிருக்க வேண்டும். அவரும் என்னைப்போலத்தான்.

அன்று பின்னேரம் மூன்று மணிக்குக் கணவர் வந்து காராஜ் வாசலில் நின்றார். உம்மை வேலையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்றார். முகாமிலிருந்து விடுபட்டு வந்த ஓர் அயலவர் தொலைபேசியில் சொன்னாராம். தங்கையும் கணவரும் இல்லை. வைகாசியிலேயே இல்லை. பதுங்கு குழிக்குள்ளேயே வைத்து மண்ணால் மூடிவிட்டு வந்தார்களாம். நான் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடி வந்தேன்.

நீர் குசினி மேசையடியில் இருந்தீர். கைகள் இரண்டும் மடியில். வெயில் இன்னும் இருந்தது, யாரோ போட்ட தேநீர் ஆறிக் கிடந்தது. நான் உம்மைக் கட்டிப் பிடித்து அழுதேன், நீர் என் முதுகைத் தடவிவிட்டீர். என்ன கொடுமை அது, யாருக்கு யார் ஆறுதல் சொல்வது. கனநேரம் கழித்து நீர் கேட்டீர்.

"எல்லாம் மாத்தியாச்சே?"

"ஓம்" என்றேன்.

"இருபத்தினாலும்?"

"ஓமப்பா. இருபத்தினாலும்."

நீர் தலையாட்டினீர். பிறகு, "அப்ப அவள் பயமில்லாமல் இருக்கலாம்" என்றீர்.

மறுநாள் விடியப் பெட்டிகள் போயின. வெள்ளிக்கிழமை பின்னேரம் உமக்குச் சோறு கொண்டுவந்தேன். நீர் கேட்டபடி அந்தப் பிஸ்கட் தகரத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

*

தை மாதம் படம் வந்தது. வெள்ளைச் சுவர் மண்டபம், வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றுக்கு முன்னாலும் இரண்டு பிள்ளைகள். நீர் அதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்தீர். உம்முடைய பெறாமகள் வலது கரையில் இருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் காலடியில் தெரிந்த பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நான்கில் ஒன்று அதுவோ என்று.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், வாரத்தில் ஐந்து நாள், போக இருபது நிமிடம் வர இருபது நிமிடம், என் பக்கத்தில் இருந்தீர். எவ்வளவோ கதைத்தோம். என் மகள் டெனிஷில் வாய் காட்டுவது, உம்முடைய முழங்கால் நோ, வேலைத்தலத்தில் வந்த புது மேற்பார்வையாளர். நான் அதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் எடுத்த நாட்கள் உண்டு. ஒருமுறை ஓல்போர்க்குக்கு ஒரு கலியாணத்துக்குப் போகும்போது, நீண்ட ஓட்டம், மழை, நீர் திடீரென்று கேட்டீர்: "அந்தக் கணினி வேலையிலை உமக்கு ஏதும் மனக்கஷ்டம் வந்ததோ?" நான், "எனக்கென்ன மனக்கஷ்டம்?" என்று சிரித்தேன். நீர் கொஞ்ச நேரம் காத்திருந்தீர். வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. பிறகு, "வேகமா ஓடாதேயும்" என்றீர்.

உமக்கு நோய் கண்டதும், படுக்கையில் கிடந்ததும், போனதும் ஒரு மாரிக்குள் முடிந்துவிட்டது. கடைசி நாட்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. போகிற ஆளின் தலையில் இதையும் ஏற்றக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது நல்ல நியாயம், சொல்லாதவர்களுக்கு வசதியானது.

உம்முடைய வீட்டை ஒதுக்க நாங்கள் மூன்று பெண்கள் போனோம். குசினி அலுமாரியின் மேல்தட்டில் பிஸ்கட் தகரம் இருந்தது. திறந்தேன். மண்ணிறப் பியூஸ்கள். அவற்றுக்கு மேல் ஒரு துண்டுக் கடதாசி, உம்முடைய நேரான எழுத்தில் ஓர் இலக்கம். இருபது. அதன் கீழே ஒரு கோடு. வேறொன்றும் இல்லை.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். மற்றவர்கள் துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இருபத்தினான்கை மாற்றியிருந்தால் கழற்றியதும் இருபத்தினான்காக இருக்க வேண்டும். இதைக் கணக்கில் மக்கான நான்கூட அந்தக் கணத்தில் கண்டுபிடித்தேன். நீர் எப்போது எண்ணினீர் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

*

அடுத்த ஆடியில் ஊருக்குப் போனேன். லண்டன் வழியாகப் போய், அண்ணா வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஐந்து ஆம்பியர் பியூஸ் நான்கு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் சொந்தங்களைப் பார்த்துவிட்டு வான் பிடித்து மன்னாருக்கு இறங்கினேன். பாலம் தாண்டும்போது உப்புக்காற்று முகத்தில் அடித்தது. வீதியில் கழுதைகள் நின்றன. நீர் சொன்னபடியேதான் இருந்தது உம்முடைய ஊர்.

உம்முடைய பெறாமகள் விடுதி அலுவலகத்தில் வேலைக்கு இருந்தாள். உம்முடைய நெற்றி, உம்முடைய நிதானம். கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் விடவில்லை. நாங்கள் அனுப்பிய கணினிகளில் பாதி ஓய்ந்துபோய் அறை மூலையில் அடுக்கிக் கிடந்தன. ஆனால் வயர்கள் கிடக்கவில்லை. புதிதாக வந்த கணினிகளுக்கும் அந்த வயர்களைத்தான் செருகியிருந்தார்கள்.

"மகள், எனக்கு அந்தப் பிளக்குகளைக் கழட்டிப் பாக்க வேணும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"அன்ரி, நீங்களும் அதுக்கே வந்தனீங்கள்? அதுகளை நான் அப்பவே பாத்திட்டன். பெரியம்மா கடிதம் போட்டவ."

கப்பல் வந்து சேருவதற்கு ஒரு மாதம் முன்பே அந்தக் கடிதம் வந்துவிட்டதாம். அவள் மேசை லாச்சியிலிருந்து எடுத்துக் காட்டினாள். உம்முடைய எழுத்து. திகதியைப் பார்த்தேன். கொள்கலன் போனதற்கு அடுத்த நாள். அன்று பின்னேரம்தான் நான் தகரத்தை உம்முடைய மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நான் படியிறங்கியவுடன் நீர் அதைத் திறந்து எண்ணியிருக்கிறீர். தங்கை இல்லை என்று தெரிந்து இரண்டே நாள்.

"சிஸ்டர் அவர்களுக்கு. கப்பலில் வரும் கணினிகளில் நான்கு பிளக்குகளில் பிழையான பியூஸ் இருக்கும். எந்த நான்கு என்று தெரியவில்லை. நான் கவனிக்காமல் விட்டது, என் பிழை. சரியானவை நான்கு இத்துடன் இருக்கின்றன. எல்லாவற்றையும் திறந்து பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்கவும். இந்த வேலையை என் பெறாமகளிடம் கொடுங்கள். அவளுக்குக் கை நடுங்காது."

அந்த நான்கையும் எங்கே எடுத்தீர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"எந்த நாலு எண்டு தெரியாததாலை இருபத்தினாலையும் கழட்டினன்," என்றாள் அவள். "மூண்டு நாள் எடுத்தது. முகாமாலை வந்து நான் செய்த முதல் வேலை அது. சிஸ்டர் பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிருந்தவ. நாலாவதைக் கண்டுபிடிச்ச உடனை 'இந்தா கிடக்கு' எண்டு கத்தினன். விடுதிக்கு வந்தாப் பிறகு நான் முதல்முதல் வாய் திறந்ததைக் கேட்டு சிஸ்டர் அழுதிட்டா."

நான் அவளுக்கு முன்னால் அழவில்லை. கைப்பையைத் திறக்கவும் இல்லை. வான் ஏறிப் பாலம் தாண்டும்வரை பொறுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு உம்மில் கோபம் வந்தது. இன்றும் இருக்கிறது, மறைத்து எழுத மாட்டேன். பிழையை உம்முடைய தலையில் போட்டுக்கொண்டு, அவ்வளவு நாளும் என் பக்கத்தில் இருந்து, பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தீரே. ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் ஒருநாள் அழுதுவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன். பிறகு யோசித்தேன். நீர் கேட்டீர். ஓல்போர்க் போகும் வழியில், மழையில், காத்திருந்தீர். என்னை வெட்கப்படுத்தாமல் நானே சொல்ல ஒரு வழி விட்டீர். நான் அதில் போகவில்லை.

இன்று காலை மகளின் பிளக்கிலிருந்த பதின்மூன்றைக் கழற்றி எறிந்தேன். அவளுடைய பெட்டியைத் திருப்பித் தகட்டை வாசித்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆறுதலாக. ஐந்நூறு வாட்ஸ். இழப்பையும் சேர்த்துப் பிரித்தால் மூன்றுக்குக் கிட்ட வருகிறது. ஐந்துதான் சரி. உறையிலிருந்து ஒரு கறுப்பை எடுத்து வைத்து மூடினேன். ஏன் அம்மா இதையெல்லாம் பையில் காவிக்கொண்டு திரிகிறாய் என்று மகள் கேட்டாள், இந்த முறை தமிழில். நான் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உயிரோடு இருக்கும் ஒருவரிடம் அதைச் சொன்னது இதுதான் முதல்தரம். சொல்லிக்கொண்டு போகும்போது, நான் இன்னும் முழுவதும் சொல்லவில்லை என்பதும் விளங்கியது. அவளிடம் சொல்லாமல் விட்டதை உமக்கு எழுதுகிறேன்.

செய்தி வந்த பதற்றத்தில்தான் அந்த நான்கையும் அப்படியே விட்டு ஓடி வந்தேன் என்று எனக்கு நானே இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். மேலே எழுதும்போதும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருக்கிறேன், திரும்ப வாசித்துப் பார்த்தேன். அது உண்மை இல்லை. கணவர் செய்தியோடு வந்து நின்றது மூன்று மணிக்கு. கறுப்புப் பியூஸ் முடிந்தது இரண்டுக்கு முன்னே. நான் அண்ணாவைக் கூப்பிட்டிருக்கலாம், நாலு வயரைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தை அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. இவளுக்கு வேறு வேலை இல்லை என்று உம்மைத்தான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, மண்ணிறத்தோடேயே மூடித் திருகி, நான்கு பெட்டியையும் ஒட்டி, கை கழுவி, தேநீர் போட்டுக் குடித்தேன். அந்தத் தேநீர் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகுதான் செய்தி வந்தது.

உறையில் இனி மூன்று இருக்கின்றன. அவை பையில்தான் இருக்கும். வாசலில் பையை முன்னால் பிடித்தபடி நீர் நிற்கிறீர் என்றும், ஏறி இருந்து பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறீர் என்றும் வைத்துக்கொள்கிறேன். இன்று நான் காரை எடுக்க மாட்டேன், இதைச் சொல்லி முடிக்குமட்டும்.

நாலு மிச்சம் கிடந்ததப்பா. நான் மாத்தேல்லை.